முதல் பனி விழும் முன்...



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் ஊரில் மழைக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. இதே நாட்களில் நம் நாட்டின் வடக்கு எல்லையில், காஷ்மீரின் மலைக்கிராமங்களில் வாழும் நம் சகோதரர்கள் வேறொன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதுதான் இந்தப் பருவத்தின் முதல் பெரும் பனிப்பொழிவு. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று இமயமலையில் மோதும்போது அங்கே பனி கொட்டுகிறது. அது என்றைக்கு வரும் என்பதை யாராலும் மாதங்களுக்கு முன்பே சொல்ல முடியாது. ஆனால் வந்தே தீரும் என்பது அங்குள்ள சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நாள் தெரியாது, வருவது நிச்சயம். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு விஷயத்தை ஒரு மனிதன் எப்படி எதிர்கொள்ள வேண்டும்? இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

மேகத்தைக் கண்டால் மாறும் முகம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. வானத்தில் மேகம் திரண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். வீட்டுக்குள் வருவார்கள், வெளியே போவார்கள், முன்னும் பின்னும் நடப்பார்கள். மழை பெய்த பிறகுதான் அந்த நிலை நீங்கும். அன்னையவர்கள் காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தாரை நினைவுபடுத்தினார்கள். அந்த மக்கள் தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைப் பார்த்து, மழை வருகிறது என்று மகிழ்ந்தார்கள். வந்ததோ வேதனை. அஹ்காஃப் அத்தியாயம் அவர்களின் கதையைச் சொல்கிறது.

எண்ணிப் பாருங்கள். முன்பின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட நபி அவர்கள்! ஒரு மேகத்தைப் பார்த்து இவ்வளவு கவலைப்படுகிறார்கள். நாமோ வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கைப்பேசியை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

காற்று பலமாக வீசினால் அதன் நன்மையையும், அது கொண்டு வருவதிலுள்ள நன்மையையும் அல்லாஹ்விடம் கேட்டார்கள். அதன் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். (முஸ்லிம்) பயமும் ஆதரவும் சேர்ந்ததுதான் ஈமான். அந்நூர் அத்தியாயத்தின் 43-ஆவது வசனம் இதையே நமக்குப் பாடமாக்குகிறது. மேகங்களை மெல்ல ஓட்டி, ஒன்றுசேர்த்து, அடுக்கடுக்காக்குபவன் அல்லாஹ். மலை போன்ற அந்த மேகங்களிலிருந்து ஆலங்கட்டியை இறக்குபவனும் அவனே. நாடியவர்கள் மீது அதை விழச் செய்கிறான், நாடியவர்களை விட்டும் திருப்பிவிடுகிறான். ஆகவே வருவது காற்றழுத்தத்தால் என்று அறிந்தாலும், அனுப்புபவன் யார் என்பதை முஃமின் மறப்பதில்லை.

தயாரிப்பதும் தவக்குல்தான்

பயந்தால் மட்டும் போதுமா? போதாது. பயம் மனிதனை வேலை செய்ய வைக்க வேண்டும்.

காஷ்மீர்ப் பெண்கள் பனிக்காலத்துக்கான வேலையை வெயில் காலத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். நம் வீடுகளில் வற்றல் போடுவதைப் போல, கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி, டர்னிப் ஆகியவற்றை நறுக்கி, மாலையாகக் கோத்து, வெயிலில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். ஆறு குளத்து மீனையும் உலர்த்தி வைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கிச் சேர்க்கிறார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த காங்கிரி என்னும் கணப்புச் சட்டிக்கு அந்தக் கரிதான் தீனி. நீண்ட கம்பளி அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு குளிரைக் கழிப்பார்கள்.

அவர்களின் கணக்கில் டிசம்பர் 21-ல் தொடங்கும் கடும் குளிர் 40 நாட்கள். அதற்கு சில்லை கலான் என்று பெயர். அடுத்த 20 நாட்கள் கொஞ்சம் குறைந்த குளிர், அதற்கடுத்த 10 நாட்கள் அதனினும் குறைந்தது. ஆக 70 நாட்கள். குரேஸ் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், வழியிலுள்ள கணவாயைப் பனி மூடிவிட்டால் மாதக்கணக்கில் வெளியுலகோடு சாலைத் தொடர்பு அற்றுப்போகும். அரிசியும் மாவும் விறகும் மருந்தும் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இதைப் பார்த்து ஒருவர் கேட்கலாம்: அல்லாஹ் மீது நம்பிக்கை வைத்தவன் இப்படிச் சேர்த்து வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டங்களின் வருமானத்திலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் உண்டா? யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஏழு ஆண்டுகள் பயிரிட்டு, உண்பதற்குரிய கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்று வழியும் சொன்னார்கள். வரப்போகும் பஞ்சம் அல்லாஹ்வின் விதி. அதற்காகத் தானியம் சேர்க்கும் அறிவைக் கொடுத்ததும் அதே அல்லாஹ்தான்.

இமாம் இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் லதாயிஃபுல் மஆரிஃப் என்ற கிதாபில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்கள். குளிர்காலம் நெருங்கினால் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம். குளிர் என்னும் எதிரி வருகிறது, கம்பளியும் காலுறையும் தோலுறையும் கொண்டு தயாராகுங்கள், அது சட்டென்று உள்ளே நுழையும், வெளியேறத் தாமதிக்கும் என்பது அதன் சாரம். ஷாம் நாடு அப்போதுதான் வெற்றி கொள்ளப்பட்டிருந்தது. அரபு மண்ணின் வெப்பத்தில் வளர்ந்த ஸஹாபாக்கள் அந்தக் குளிரைத் தாங்குவார்களா என்ற கவலையில் கலீஃபா எழுதிய கடிதம் அது.

சகோதரர்களே! வெப்பமான கடலோரத்திலிருந்து லடாக்குக்கும் காஷ்மீருக்கும் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகிற நம் பிள்ளைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. ஆட்சி செய்பவருக்கும் இதில் பாடம் உண்டு. மக்கள் விறைத்துப் போன பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட, குளிர் வருமுன் நினைவூட்டுவதே பொறுப்பு.

இலை நிறைந்த மரம்

இன்னொரு செய்தியைக் கவனியுங்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் தொடக்கத்திலேயே காஷ்மீரில் பெரும் பனி கொட்டியது. மறு ஆண்டு 2019 நவம்பரிலும் அதே போல நடந்தது. 40 நாள் குளிரின் கணக்கு தொடங்க ஆறு வாரங்களுக்கு மேல் இருந்தது. ஆப்பிள் தோட்டங்களில் சில இடங்களில் காய்கூட முழுதாகப் பறிக்கப்படவில்லை. ஓர் இரவில் கிளைகள் முறிந்து, பல மரங்கள் நடுவே பிளந்து போயின. வளர்த்துப் பலன் காணப் பல ஆண்டுகள் பிடித்த மரங்கள் அவை.

ஜனவரியில் இதைவிட அதிகமான பனி விழுகிறதே, அப்போது மரங்கள் ஏன் இப்படி முறிவதில்லை? காரணம் எளிது. ஜனவரியில் மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிளைகளோடு நிற்கும். பனி வழுக்கிக் கீழே விழுந்துவிடும். நவம்பரிலோ மரம் நிறைய இலை. ஒவ்வோர் இலையும் பனியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஈரப்பனியின் சுமை கூடிக்கொண்டே போகிறது. இலையை விடாத மரம் கிளையையே இழக்கிறது.

மவ்த்தும் நம்முடைய நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. அறுபது வயதுக்கு மேல் தொழலாம், பிள்ளை கல்யாணம் முடிந்து ஹஜ்ஜுக்குப் போகலாம், வியாபாரம் நிலைத்த பிறகு வட்டிக் கடனை விடலாம் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இளமை, ஆரோக்கியம், செல்வம், ஓய்வு, உயிர் ஆகிய ஐந்தும் அவற்றின் எதிரானவை வருமுன் பயன்படுத்தப்பட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (ஹாகிம்) நம் கைகளில் நாம் விடாமல் வைத்திருக்கும் இலைகள் எவை? கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்காமல் வைத்திருக்கும் சொத்தா? மன்னிக்க மனமில்லாமல் வளர்த்து வரும் பகையா? அதை இன்றே உதிர்த்துவிட்டால் சுமை குறையும். வரும்போது உதிர்க்கலாம் என்றால் நேரம் இருக்காது.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

ஸ்ரீநகரை ஜம்மூவோடு இணைக்கும் நெடுஞ்சாலை பனியாலோ நிலச்சரிவாலோ மூடப்பட்டால் பள்ளத்தாக்கில் காய்கறி, இறைச்சி, எரிவாயு விலை ஏறிவிடும். இது அங்கே பழகிப்போன துன்பம். இந்த இடத்தில்தான் ஒரு முஸ்லிமின் தக்வா சோதிக்கப்படுகிறது.

தன் வீட்டுக்கு வேண்டியதைச் சேர்த்து வைப்பது சேமிப்பு. மக்களின் தேவை முற்றட்டும் என்று காத்திருந்து விலை ஏற்றி விற்பதற்காக அடக்கி வைப்பது பதுக்கல். பதுக்குபவன் பாவி என்று ஸஹீஹ் முஸ்லிமில் தெளிவாக வந்திருக்கிறது. இது மலைப் பிரதேசத்துக்கு மட்டுமான சட்டமல்ல. புயல் எச்சரிக்கை வந்ததும் மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் தண்ணீர்க் கேனும் விலை ஏறுகின்ற நம் கடைத்தெருவுக்கும் இதுதான் சட்டம். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைத் தயவுசெய்து மனதில் நிறுத்த வேண்டும்.

அஷ்அரீ குலத்தார் பற்றி நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து சொன்னதை அறிவீர்களா? போரில் உணவு தீர்ந்துவிட்டாலோ, மதீனாவில் குடும்பத்துக்கு உணவு குறைந்துவிட்டாலோ, தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள், தாம் அவர்களைச் சேர்ந்தவர் என்று நபியவர்களே உறவு கொண்டாடினார்கள். (புகாரீ, முஸ்லிம்) இதைவிடப் பெரிய சிறப்பு ஒரு கூட்டத்துக்கு என்ன வேண்டும்?

காஷ்மீரின் பல பள்ளிவாசல்களில் ஹமாம் என்றோர் அறை உண்டு. கல் தளத்தின் அடியில் விறகெரித்துத் தளத்தைச் சூடாக்குவார்கள். உளூச் செய்யச் சுடுநீரும் அதிலேயே கிடைக்கும். தொழுகைக்கு முன்னும் பின்னும் முதியவர்களும் ஏழைகளும் அங்கே வந்து அமர்ந்து குளிர் காய்வார்கள். விறகுச் செலவை மஹல்லாவாசிகள் சேர்ந்து ஏற்பார்கள். வீட்டில் விறகு இல்லாதவனுக்கும் அல்லாஹ்வின் வீட்டில் வெப்பம் கிடைக்கிறது. நம் பள்ளிவாசல்களும் மழை வெள்ளக் காலத்தில் ஒதுங்க இடமின்றித் தவிப்பவர்களுக்குக் கதவு திறந்து வைக்கட்டும்.

மாமல்லபுரத்திலும் கொடைக்கானலிலும் சால்வையும் கைவினைப் பொருட்களும் விற்றுப் பிழைக்கும் காஷ்மீர் சகோதரர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாதங்களில் அவர்களின் பெற்றோரும் மனைவி மக்களும் பனிக்குள் இருப்பார்கள். உங்கள் பள்ளியில் அவர்களைக் கண்டால் ஸலாம் சொல்லி, ஊரில் எல்லோரும் நலமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் ஸதகாதான்.

மார்க்கம் தந்த எளிமை

குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் சில சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு உளூவோடு அணிந்த தோலுறை மீது, ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவும், பயணி மூன்று பகல் மூன்று இரவும் மஸ்ஹு செய்யலாம். தண்ணீரால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று உண்மையாகவே அஞ்சினால், சுடவைக்கவும் வழி இல்லாவிட்டால், தயம்மும் உண்டு. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தாத்துஸ் ஸலாஸில் போரின்போது கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்து தொழுகை நடத்தினார்கள். விபரம் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. (அபூதாவூத்) இவற்றின் நிபந்தனைகள் மத்ஹபுக்கு மத்ஹப் சற்று மாறும். புறப்படுமுன் உங்கள் இமாமிடம் கேட்டுச் செல்லுங்கள்.

கடுங்குளிரும் மழையுமான இரவில், பயணத்தில், தங்குமிடங்களிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்குக்குப் பின் அறிவிக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். (புகாரீ) உயிரைப் பணயம் வைத்துப் பனியில் நடப்பது மார்க்கத்தின் கோரிக்கை அல்ல. அதே நேரம், ஆபத்து இல்லாத சாதாரணக் குளிரில் சிரமப்பட்டு உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்து அந்தஸ்தை உயர்த்தும் என்பதும் ஹதீஸ்தான். (முஸ்லிம்)

இன்னொன்று. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கரி அடுப்பையோ எரிவாயு ஹீட்டரையோ எரியவிட்டுத் தூங்கி, காலையில் குடும்பமே எழாமல் போன சம்பவங்கள் உண்டு. அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்தபோது, நெருப்பு உங்கள் எதிரி, தூங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். (புகாரீ, முஸ்லிம்) இந்த ஒரு சுன்னத் எத்தனை உயிர்களைக் காக்கும்!

பனியும் ரஹ்மத்துதான்

பனி என்றால் துன்பம் மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். 2005 பிப்ரவரியில் குல்காம் பகுதியின் வால்டெங்கு கிராமத்தைப் பனிச்சரிவு மூடி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மவ்த்தானார்கள். அதே காஷ்மீரில் 2024 ஜனவரியில் பனியே விழாமல் மலைகள் வறண்டு கிடந்தன. மக்கள் கூடி மழைத் தொழுகை தொழுது பனியைக் கேட்டு அழுதார்கள். அந்த மாதக் கடைசியில் அல்லாஹ் பனியை இறக்கினான். நடுக் குளிரில் விழும் பனி உறைந்து நின்று, கோடையில் மெல்ல உருகி, ஓடையாகி, ஜீலம் ஆறாகி நெல் வயல்களுக்குப் பாய்கிறது. மலையின் உச்சியில் அல்லாஹ் கட்டி வைத்த நீர்த்தொட்டி அது. அதனால்தான் முதல் பனி விழுந்தால் அங்கே ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி மகிழ்கிறார்கள்.

பனியையே பார்த்திராத நாமும் பனியைக் கேட்கிறோம், தெரியுமா? தக்பீருக்கும் கிராஅத்துக்கும் இடையே என்ன ஓதுகிறீர்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்த துஆவில், பாவங்களைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவும்படி வேண்டுதல் இருக்கிறது. (புகாரீ, முஸ்லிம்) அழுக்குப் போக வெந்நீர்தானே நல்லது, பனி எதற்கு? பனியும் ஆலங்கட்டியும் எந்தக் கையும் படாத, யாரும் பயன்படுத்தாத சுத்தமான நீர் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்குகிறார்கள். பாவம் உள்ளத்தில் சூட்டை உண்டாக்கும், குளிர்ந்த நீரே அதைத் தணிக்கும் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

ஜனாஸாத் தொழுகையிலும் இதே வேண்டுதல் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு மய்யித்துக்காக அந்த துஆவை ஓதியதைக் கேட்ட அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், அந்த மய்யித்து நானாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டார்கள். (முஸ்லிம்) நமக்காகவும் ஒருநாள் மற்றவர்கள் அதைக் கேட்பார்கள். நாமே நமக்காகக் கேட்கும் வாய்ப்பு இன்று இருக்கிறது.

கணவாய் மூடும் முன்

காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா கணவாய் 3,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பனி கொட்டும்வரை அங்கே லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பனி மூடிய பிறகு, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்தச் சாலையில் ஒரு மூட்டை அரிசி கடக்காது. நேற்று சாதாரணமாக இருந்த வழி இன்று வழியே அல்ல.

தவ்பாவின் வாசலும் இப்படித்தான். உயிர் தொண்டைக்குழியை அடையும்வரை அடியானின் தவ்பாவை அல்லாஹ் ஏற்கிறான். (திர்மிதீ) அதன் பிறகு வழி இல்லை. ஆகவே இந்த வாரம், அடுத்த ஜும்ஆ வருமுன், மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, கடன்களையும் அமானிதங்களையும் எழுதி வைப்போம். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழி. (புகாரீ, முஸ்லிம்) எழுதியதை வீட்டில் நம்பகமான ஒருவரிடம் காட்டி வையுங்கள்.

இரண்டாவது, யாருடைய ஹக்கையாவது எடுத்திருந்தால் திருப்பிக் கொடுப்போம். யாரையாவது நோகடித்திருந்தால் நேரில் போயோ, போனிலோ ஹலால் கேட்போம். தீனாரும் திர்ஹமும் செல்லாத நாளில் நம் நன்மைகளைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நம் தெருவில் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க முடியாத ஒரு குடும்பத்தையாவது தேடிப்பிடித்து, ஒரு போர்வை, ஒரு தார்ப்பாய், ஒரு மாத மளிகை என்று முடிந்ததைக் கொடுப்போம். மழை வந்த பிறகு கொடுப்பதைவிட இப்போதே கொடுப்பது மேல்.

யா அல்லாஹ்! மலைகளில் வாழும் எங்கள் சகோதரர்களுக்கு வரும் பனியை ரஹ்மத்தாக ஆக்குவாயாக! அதன் தீங்கிலிருந்து அவர்களின் வீடுகளையும் பாதைகளையும் தோட்டங்களையும் பாதுகாப்பாயாக! குளிரில் வாடும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போதுமான உணவையும் வெப்பத்தையும் தருவாயாக! எங்கள் பாவங்களைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மையாக்குவாயாக! வாசல் மூடும் முன் உன்னிடம் திரும்பும் தவ்ஃபீக்கை எங்களுக்கும் எங்கள் குடும்பத்தாருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.